யாருடைய நாய் என்று கேட்கப்படாது

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஹெர்மினியா அரை மணி நேரம் முன்பாகவே வந்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் வைத்திருந்த கைப்பைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. நகராட்சிக் கால்நடை மருத்துவர் காலையில் ஆள் மூலம் கொடுத்தனுப்பியது. போன செவ்வாய்க்கிழமை தேவாலயத்துக்குப் பின்னால் அடித்துக் கொல்லப்பட்ட பழுப்பு நாயின் தலையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெறிநோய் உறுதி என்று முடிவு வந்திருந்தது.

தகும்பாவ் பராங்காய் என்கிற ஊர்ச் சபையில் தலைவரோடு சேர்த்து எட்டுப் பேர். சுகாதாரக் குழு ஹெர்மினியாவின் பொறுப்பு. நாய்களைக் கட்டி வளர்க்க வேண்டும், கட்டாத நாய் யாரையாவது கடித்தால் வளர்த்தவர் அபராதமும் வைத்தியச் செலவும் தர வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை அவள் மூன்று முறை கொண்டுவந்திருந்தாள். மூன்று முறையும் அது ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்க வைத்தவர் மனோங் ஒஸ்முந்தோ. மூத்த ஆணை மனோங், பெண்ணை மனாங் என்று மரியாதையாக அழைக்கும் அந்த ஊரில் அவர் எல்லோருக்கும் மனோங் முந்தோ. மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்ப்பவர், போன தேர்தலில் எல்லோரையும் விட அதிக ஓட்டு வாங்கியவர், ஒலிபெருக்கி இல்லாமலே கடற்கரை வரை கேட்கிற குரல்.

"நாயைக் கட்டிப் போட்டா அது நாயா? அப்புறம் திருடனைக் கண்டா அது கயித்தோட நின்னு கையா காட்டும்?" என்று போன மாதம் கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், "நம்ம ஊர்ல ஒரு வெறி நாயைக் காட்டு இண்டாய், நான் இந்த நாற்காலிய விட்டுட்டுப் போயிடறேன்" என்றும் ஹெர்மினியாவைத் தங்கச்சி முறையில் அழைத்துச் சேர்த்துவிட்டார். செயலாளர் ஜெசிபெல் அதைக் கூட்டக் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தாள்.

இன்று ஹெர்மினியா எழுந்து காகிதத்தைப் படித்தாள்.

"மனாங் ஃபெலிங்கையும் அர்னெலையும் அன்னைக்குக் கடிச்சுது. ரெண்டு பேரும் அன்னைக்கே ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களைப் பத்திக் கவலை இல்ல" என்றாள். "ஆனா அந்த நாய் அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளாவே நோயோட சுத்தியிருக்கும். வேற யாரையாவது கடிச்சுதா? கீறிச்சா? அதோட இருப்பிடம் எங்க? யாராவது சோறு வெச்சீங்களா?"

தலைவர் செலெஸ்தினோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின் வரிசையில் பொதுமக்களுக்கான பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு தரையைப் பார்த்தார்கள்.

எல்லோரும் மனோங் முந்தோவின் கிண்டலுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவர் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் ஏப்ரல் வெயில் கொளுத்துகிறது, மற்ற ஆண்கள் எல்லோரும் பனியனோடு விசிறிக்கொண்டிருக்கிறார்கள், அவர் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டியிருந்தார். ஹெர்மினியாவின் பார்வை அந்தப் பொத்தானில் போய் நின்றது. அவர் இடது கையை மெதுவாக மடிக்கு இறக்கினார்.

"கேப், எனக்கு ஒரு இன்ஜின் பாதியில நிக்குது" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். "நாய்த் தீர்மானத்து ஓட்டெடுப்பை அடுத்த கூட்டத்துக்கு வெச்சுக்கோங்க." பன்சித் நூடுல்ஸும் குளிர்பானமும் வருவதற்கு முன் அவர் கூட்டத்தை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

ஹெர்மினியா அந்த முழுக்கைச் சட்டை வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன், அவள் வெறும் சுகாதாரத் தொண்டராக இருந்த காலத்தில், கரும்பு வெட்டுகிற ஒருவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நாய் கடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, காயம்கூட ஆறிவிட்டது. வழியில் தாகம் என்றார். அவள் தண்ணீர் நீட்டியதும் அவருடைய தொண்டை தானாக இழுத்துக்கொண்டது. அந்தக் கண்களில் தெரிந்த பயத்தை அவளால் இன்று வரை யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்தே கிடையாது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஜெசிபெல்லை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த நாய் எங்க படுத்துக்கும்? உனக்குத் தெரியும். மறைக்காதே."

ஜெசிபெல் அங்குமிங்கும் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியும் மனாங். மனோங் முந்தோவோட பட்டறைக்கு அடியிலதான். மனாங் ரெமி தினமும் மீன் தலை போடுவாங்க."

"பின்ன ஏன் யாரும் சொல்லல?"

"யாரு சொல்றது? அவரே சொல்லட்டும்னு இருந்துட்டோம். போன மாசம் நாற்காலிய விட்டுடறேன்னு வேற சொல்லிட்டாரு. மனாங் ஃபெலிங் வீட்டு ஆளுங்க கேட்டா சும்மா விடுவாங்களா?"

ஹெர்மினியா நேராகக் கடற்கரைக்கு நடந்தாள். பட்டறை என்றால் நாலு மூங்கில் கால், மேலே தகரம். ஒஸ்முந்தோ ஒரு இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் கருவி எதுவும் இல்லை.

"மனோங், கையக் காட்டுங்க."

"எந்தக் கை?"

"வேலை செய்யற எடத்துல முழுக்கை போட்டிருக்கீங்களே, அந்தக் கை."

"இன்ஜின் கீறினது. அதுக்கும் தீர்மானம் போடப் போறியா?" பேச்சு பழையபடிதான் இருந்தது, குரலில் மட்டும் காற்று இல்லை. "அது என் நாய் இல்ல இண்டாய். தெரு நாய். நெழலுக்கு வந்து படுக்கும். நெழலை நான் பூட்டி வெக்க முடியுமா?"

"யாரு நாய்னு நான் கேக்கல. உங்களைக் கடிச்சுதான்னு கேக்கறேன்."

பட்டறையை ஒட்டிய வீட்டு வாசலில் அவர் மனைவி ரெமி ஈரக் கையோடு வந்து நின்றாள். அலுமினியப் பாத்திரமும் சோப்பும் தேய்த்துத் தேய்த்து விரல்களெல்லாம் வெடித்திருந்தன. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒஸ்முந்தோ திரும்பாமலே, "ரெமி, உள்ள போ" என்றார். அவள் போகவில்லை.

"கடிச்சிருக்குன்னே வெச்சுக்க" என்றார் அவர். "மலைப் பக்கத்துல கொம்பு வெக்கறவரு இருக்காரு. மான்கொம்பை வெச்சு வெஷத்தை உறிஞ்சி எடுத்துடுவாரு. எங்க அப்பாவுக்கும் அவங்க அப்பாதான் வெச்சாரு. எழுபத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தாரு எங்க அப்பா."

"உங்க அப்பாவைக் கடிச்ச நாய்க்கு நோய் இருந்திருக்காது மனோங். இந்த நாய்க்கு இருக்கு. காகிதத்துல இருக்கு."

"காகிதம்!" என்று அவர் எழுந்தார். "நீ ஜெயிச்சுட்ட. போய்ச் சொல்லு எல்லார்கிட்டயும். முந்தோ நாய்தான் ஊரைக் கடிச்சுதுன்னு சொல்லு. அதுக்குத்தானே மூணு கூட்டமா கத்தினே?"

அவள் தலைவர் வீட்டுப் பக்கம் திரும்பினாள். மணலில் நடந்தபடியே நாள்களை எண்ணினாள். போன செவ்வாய்க்கு முந்தின நாள் கடித்திருந்தால் இன்றோடு ஏழு நாள். ஞாயிறு என்றால் எட்டு. விஷம் நரம்பு வழியாக மெல்ல மேலே ஏறும் என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்த கை முழுக்கைச் சட்டைக்குள் இருப்பதாக அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தலைவர் செலெஸ்தினோ வீட்டு முற்றத்தில் சண்டைச் சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வரமாட்டேன்னா என்ன பண்றது? கயித்தைக் கழுத்துல கட்டி இழுத்துட்டா போக முடியும்?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவருக்கு ஊசி மேல பயம் இல்ல கேப். ஊசி போடப் போனா, அது என் நாய்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கறாரு."

"சரி. அதுக்கு?"

ஹெர்மினியா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "சிறப்புக் கூட்டம் போடுங்க. அந்த நாய் விஷயத்துல வளர்த்தவரைப் பத்தின பிரிவை நானே வேண்டாம்னு எழுதித் தரேன்."

செலெஸ்தினோ சேவலைக் கீழே விட்டார். "உன்னோட தீர்மானத்துக்கு உசிரே அந்தப் பிரிவுதானே?"

"ஆமா" என்றாள் அவள்.

சட்டப்படி முழு ஒரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் கூட்டம் புதன்கிழமை காலைக்குத் தள்ளிப் போனது. செவ்வாய் முழுக்க அவள் வீட்டில் உட்கார முடியாமல் இரண்டு முறை கடற்கரைப் பக்கம் போய் வந்தாள். தூரத்தில் இருந்தே பட்டறையைப் பார்த்தாள். சுத்தியல் சத்தம் கேட்டால் திரும்பிவிடுவாள். மதியம் சத்தம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். அவர் கயிற்றுத் தொட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. செய்தி பரவியிருந்தது. முன் பெஞ்சில் மீன் விற்கும் மனாங் ஃபெலிங் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, இரண்டு மகள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒஸ்முந்தோவின் நாற்காலி காலியாக இருந்தது.

ஹெர்மினியா தீர்மானத்தைப் படித்தாள். அந்தப் பழுப்பு நாயிடம் கடியோ கீறலோ பட்டவர், வெடிப்போ புண்ணோ உள்ள தோலில் அதனால் நக்கப்பட்டவர் எவரானாலும் இன்றைக்கே பராங்காய் வண்டியில் நகரத்து நாய்க்கடி மையத்துக்குப் போக வேண்டும். அது யாருடைய நாய் என்று சபையோ, காவல் ஆட்களோ, மையத்துக்குக் கூட வருகிறவர்களோ அவர்களிடம் கேட்கக் கூடாது. இந்த நாய்க்காக யாருக்கும் அபராதம் கிடையாது.

"அட கடவுளே!" என்று ஃபெலிங் எழுந்தாள். "கடிபட்டது என் கால். மன்னிக்கறது நீயா? எவ்வளவு மீன் குடுத்தாங்க உனக்கு?"

கூடம் சலசலத்தது. பின்னால் யாரோ, "சுறாவே குடுத்திருப்பாங்க" என்றார்.

ஹெர்மினியா எழுதி வைத்திருந்த பதிலை மடித்துக் கீழே வைத்தாள். "மனாங் ஃபெலிங், உங்களுக்கு மூணு ஊசி போட்டாச்சு. நீங்க இருப்பீங்க" என்றாள். "இந்த ஊர்ல இன்னொருத்தருக்கு ஒரு ஊசிகூடப் போடல. ஒன்பது நாள் ஆச்சுன்னு நெனைக்கறேன். அபராதம்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் அவரு வரமாட்டாரு. நான் ஒருத்தர் சாகறதைப் பார்த்திருக்கேன். மறுபடி பாக்க என்னால முடியாது. எனக்கு வேற காரணம் ஒண்ணும் இல்ல."

பேரைச் சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

அப்போது வாசல் பக்கம் ஆட்கள் விலகினார்கள். ரெமி நின்றிருந்தாள். தலையில் துண்டு, காலில் வீட்டுச் செருப்பு. இடுப்புக்கு மேல் இரண்டு கைகளையும் உள்ளங்கை தெரிய விரித்துக் காட்டினாள், யாரோ பரிசோதிக்கப் போகிற மாதிரி.

"நிஜமாவே கேக்க மாட்டீங்களா?" என்றாள். "நான்தான் அதுக்குச் சோறு வெச்சேன். என் கையை நக்கும். என் கை பூராவும் வெடிப்பு." நீட்டிய கைகளை அவள் மடக்கவில்லை. "எனக்கு மட்டும் இல்ல. அவரையும்... அதோட வாயில ஏதோ எலும்பு மாட்டியிருக்குன்னு நெனைச்சு எடுக்கப் போனாரு. சாப்பிட முடியாம எச்சில் ஒழுகிட்டு நின்னுச்சு. பாவமா இருந்துச்சுன்னு கையை உள்ள விட்டுட்டாரு."

நாயைக் கட்டாதே என்று அத்தனை சத்தம் போட்ட மனிதர் அதன் வாய்க்குள் கையை விட்டிருக்கிறார் என்பதை ஒவ்வொருவரும் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபெலிங் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். ரெமியின் கைகளைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அந்தக் கைகளிலிருந்துதான் காலையில் மீன் கூடையை வாங்கியிருக்கிறாள்.

"என்னை என்ன பாக்கறே?" என்று சீறினாள். "போய் வண்டில ஏறு. ஊசி போட்டுட்டு வா, அப்புறம் நெதானமா திட்டறேன்." பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "கேப், என்ன உக்காந்திருக்கீங்க? கையத் தூக்குங்க எல்லாரும்!"

ஏழு கைகள் உயர்ந்தன. ஜெசிபெல் எண்ணி முடிப்பதற்குள் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

பட்டறைக்கு முன் வண்டி நின்றபோது ஒஸ்முந்தோ ஓடவில்லை, ஒளியவும் இல்லை. மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெர்மினியா இறங்கினாள். பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், ஃபெலிங் நொண்டிக்கொண்டு இறங்கினாள்.

"ஏ முந்தோ! கூட்டத்துல சிங்கம் மாதிரி கத்தினே, ஒரு ஊசிக்கு நண்டு மாதிரி வளைக்குள்ள போறியா? கெழவி நான் மூணு குத்து வாங்கிட்டேன்."

அவர் ஃபெலிங்கின் காலைப் பார்த்தார். "அது என் நாய்தான் மனாங்" என்றார்.

"அதைக் கேக்கக் கூடாதாம். இப்பத்தான் தீர்மானம் போட்டாங்க. ஏறு."

நகரத்துக்கு நாற்பது நிமிடம். ஒஸ்முந்தோ ஹெர்மினியாவுக்கு எதிரில், ரெமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி வழி கடந்தது. பிறகு முன்னால் குனிந்து, ரெமிக்குக் கேட்காத குரலில், "ஒன்பது நாள் ஆயிடுச்சே இண்டாய். இனிமே போட்டு என்ன?" என்றார். "நீ காகிதத்தைப் படிச்ச அன்னைக்கே எனக்குத் தோணிடுச்சு, நான் போயாச்சுன்னு. தெரிஞ்சுக்காமலே இருந்துடலாம்னு நெனைச்சேன்."

அபராதத்துக்கும் நாற்காலிக்கும் அடியில் இப்படி ஒன்று கிடந்திருக்கிறது. "தண்ணி குடிக்கறீங்களா? சாப்பாடு இறங்குதா? கை மரத்துப் போகுதா?" என்று ஹெர்மினியா பழைய சுகாதாரத் தொண்டர் மாதிரி கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பள்ளிப் பிள்ளை போலப் பதில் சொன்னார். தண்ணீர் குடிக்கிறார். சோறு இறங்குகிறது. கை மரக்கவில்லை.

மையத்தில் இளம் செவிலி அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முன்கையில் ஆழமாக இரண்டு பல் ஓட்டைகள், அவற்றைச் சுற்றி மான்கொம்பு அழுத்திய வட்டத் தழும்பு. செவிலி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"லோலோ, கொம்பு வெச்ச அன்னைக்கே இங்க வந்திருக்கலாம்."

"லோலோவா? நான் தாத்தாவா? எனக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது" என்றார் ஒஸ்முந்தோ. அந்த நிலையிலும் அவருக்கு ரோஷம் வந்ததைக் கேட்டு ஹெர்மினியாவுக்குக் கண் கலங்கியது.

"அறிகுறி ஒண்ணும் இல்ல, அதனால இன்னும் நேரம் இருக்கு" என்றாள் செவிலி. "காயத்தைச் சுத்தியும் போடணும், தோள்லயும் போடணும். வலிக்கும். ஒரு தவணையும் விடக் கூடாது." வெளியே வந்து ஹெர்மினியாவிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "லேட்டா வந்திருக்காரு. உறுதின்னு என்னால சொல்ல முடியாது. பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள தெரிஞ்சுடும்."

அந்த மூன்று மாதத்தை ஹெர்மினியா தனியாகத்தான் சுமந்தாள். அடுத்த தவணைகளுக்கு அவளே கூடப் போனாள். ரெமிக்கும் ஊசி போட்டு முடிந்தது. நாய்களைக் கட்டும் தீர்மானம் மே மாதம் நிறைவேறியது. இனி கடிக்கிற நாய்களுக்கு வளர்த்தவர் பொறுப்பு என்ற பிரிவோடுதான் நிறைவேறியது. ஒஸ்முந்தோ எதிர்த்து ஓட்டுப் போட்டார். நாற்காலியை விட்டுப் போவதாகச் சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஃபெலிங் சந்தையில் தினமும் அவரைத் திட்டினாள், சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவளாக. ஒரு நாள் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஹெர்மினியா பாதியில் எழுந்து கடற்கரைக்கு ஓடினாள். பக்கத்துத் தீவில் ஒரு படகு நின்றுவிட்டதாம், இன்ஜின் பார்க்கப் போயிருந்தார்.

ஆகஸ்ட் மாத முதல் திங்கட்கிழமை, மீன் இறக்கும் துறைக்குக் கட்டணம் வைக்கலாமா என்ற விஷயம் வந்தது. வைக்கலாம் என்று சொன்னது ஹெர்மினியா. ஒஸ்முந்தோ எழுந்தார். அரைக்கைச் சட்டை. மேசையைத் தட்டினார்.

"இந்த அம்மா அடுத்தது கடல்ல அலைக்கும் வரி போடுவாங்க! மீன் நம்ம துறையில இறங்கறதா, இல்ல இவங்க கைப்பையில இறங்கறதா?"

கூடம் சிரித்தது. அவர் கால் மணி நேரம் பேசினார். அவளைக் கிண்டல் செய்தார், அவள் போட்ட கணக்கைக் கிழித்தார், நடுவில் குளிர்பானத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி தொடர்ந்தார். அவர் என்ன சொன்னார் என்று பிறகு ஜெசிபெல் குறிப்பைச் சரிபார்க்கக் கேட்டபோது ஹெர்மினியாவால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. குரல் கடற்கரை வரை போய்க்கொண்டிருந்தது, அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"உறுப்பினர் ஹெர்மினியா, மறுப்பு ஏதாவது உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்ல கேப்" என்றாள் அவள். "அவரு பேசட்டும்."